மேட்டு வீட்டுத் தண்ணி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் எங்க வீட்டுப் பின்பக்கத்துல ஆரம்பிச்சு, பாபிலோன், ரோம், இங்கிலாந்து எல்லாம் போயிட்டு, சித்தூர் பக்கம் ஒரு ஏரிக்கரை வழியா திரும்ப எங்க வீட்டுக்கே வரும். கொஞ்சம் நீளம்தான். மழைக்காலத்துல சென்னையில வாடகைக்கோ சொந்தத்துலயோ தரைத்தளத்துல இருக்கறவங்க கண்டிப்பா கேளுங்க.

2023 டிசம்பர் 3 ராத்திரி. மிக்ஜாம் புயல். ரோட்டுத் தண்ணி உள்ளே வரும்னு நானும் அப்பாவும் முன் கேட்ல மணல் மூட்டை அடுக்கி வெச்சிருந்தோம். வெற்றி வீரர்கள் மாதிரி உள்ளே போய்ப் படுத்தோம். விடிகாலை அம்மா கூப்பிடறாங்க, சமையலறையில கணுக்கால் அளவு தண்ணி. முன்பக்கம் காஞ்சு கிடக்கு. தண்ணி வந்தது பின்பக்கம் இருந்து.

பக்கத்து வீட்டை 2018ல இடிச்சுக் கட்டினாங்க. கட்டும்போது மனையை மண் கொட்டி உசத்தினாங்க. இப்ப அவங்க தரை எங்க தரையை விட மூணரை அடி மேல. அவங்க மொட்டை மாடித் தண்ணி ஒரு பிவிசி பைப்ல இறங்கி, சுவர் ஓரமா விழுது. காம்பவுண்ட் சுவர்ல ஒரு ஓட்டை விட்டிருக்காங்க. அவங்களுக்கு அது தரைமட்டத்துல இருக்கற ஒரு சின்ன ஓட்டை. எங்க பக்கம் அது இடுப்பு உயரத்துல குற்றாலம்.

ஒரு கணக்கு சொல்றேன். 1,000 சதுர அடி மொட்டை மாடியில 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா, கிட்டத்தட்ட 9,300 லிட்டர். ஒரு லாரித் தண்ணி. கோடையில அதே லாரிக்கு புக் பண்ணிட்டு நாள் கணக்கா காத்திருப்போம். அன்னிக்கு அது இலவசமா பின்வாசல் வழியா டெலிவரி ஆச்சு. அன்னிக்குப் பெஞ்சது 10 சென்டிமீட்டரோட நிக்கவும் இல்ல.

தண்ணி வடிஞ்சதும் அப்பா போய்ப் பேசினாரு. அவர் குரலை உசத்தவே மாட்டாரு. "சார், அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைச்சுட்டா நல்லாருக்கும்." பக்கத்து வீட்டுக்காரரும் மரியாதையாத்தான் பதில் சொன்னாரு. "சார், அது மழைத் தண்ணி. நானா ஊத்தறேன்? தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்?" அப்பாகிட்ட பதில் இல்ல. திரும்பி வந்துட்டாரு.

என் பெரியப்பா சிவில் வக்கீலா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் போன் போட்டு ஆவேசமா கேட்டேன், கேஸ் போட முடியுமான்னு. அவர் சிரிச்சுட்டு, "உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சட்டத்துலயே இருக்குடா. 1882 ஈஸ்மென்ட் சட்டம், 7வது பிரிவு. மேட்டு நிலத்துல பெய்யற தண்ணி தானா கீழே ஓடி வந்தா, கீழ் நிலத்துக்காரன் வாங்கிக்கணும்"னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. யாரு எழுதினா இதை? எந்த ஊர்ல, எந்தப் பள்ளத்துல இருக்கறவன் இதுக்கு ஒத்துக்கிட்டான்? அந்தக் கோபத்துலதான் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல பாபிலோன். ஏறக்குறைய 3,750 வருஷத்துக்கு முன்னாடி ஹம்முராபி ராஜா 282 சட்டங்களைக் கருங்கல்லுல வெட்டி வெச்சாரு. அந்தக் கல்லு 1901ல ஈரான்ல சூசாங்கற இடத்துல கிடைச்சது, இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. அதுல 53லேருந்து 56 வரைக்கும் பக்கத்து வயல் தண்ணி விவகாரம். உன் கரையைப் பராமரிக்காம சோம்பேறித்தனமா விட்டு, உடைஞ்சு, அடுத்தவன் பயிர் மூழ்கினா, போன தானியத்தை நீ கொடுக்கணும். கொடுக்க வக்கில்லையா? உன்னையும் உன் சொத்தையும் வித்து, பாதிக்கப்பட்டவங்க பங்கு போட்டுக்கலாம். ஆமா, உன்னையும். இதைப் படிச்சதும் எனக்கு ஒரு நிமிஷம் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்கறதை ஒத்துக்கறேன்.

ஆனா அது கால்வாய்த் தண்ணி. மனுஷன் வெட்டின கால்வாய், மனுஷன் கட்டின கரை. மழைத் தண்ணிக்கு ஹம்முராபி உதவ மாட்டாரு. அதுக்கு ரோமுக்குப் போகணும்.

ரோம்ல கி.மு. 450 வாக்குல பன்னிரண்டு பலகைகள்னு ஒரு சட்டத் தொகுப்பு வந்துச்சு. அதுலயே மழைத் தண்ணியால கெடுதல் வந்தா வழக்குப் போட இடம் இருந்தது. அதுக்கப்புறம் பல நூறு வருஷம் சட்ட அறிஞர்கள் இதைப் போட்டு அலசியிருக்காங்க. அந்த விவாதம் எல்லாத்தையும் கி.பி. 533ல ஜஸ்டினியன் பேரரசர் காலத்துல டைஜெஸ்ட்னு ஒரே தொகுப்பா சேர்த்தாங்க. அதுல 39வது புத்தகத்துல மழைத் தண்ணிக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. நம்மூர் வாய்க்கா வரப்புத் தகராறு மாதிரியே அத்தனையும் உள்ளே இருக்கு: வரப்பு போச்சு, ஓடை தூர்ந்து போச்சு, மேல இருக்கறவன் திருப்பி விட்டுட்டான்.

அவங்க போட்ட அடிப்படைக் கோடு இதுதான். தண்ணி தானா வந்தா வழக்கு இல்ல. மனுஷன் கையால ஒண்ணைச் செஞ்சு, அதனால தண்ணி முன்ன வராத மாதிரி வந்தா வழக்கு உண்டு. கீழ் நிலம் மேல் நிலத்துக்குக் கட்டுப்பட்டதுன்னு சொல்லிட்டு, அதுக்கு ஒரு காரணமும் சொல்றாங்க: மேல் நிலத்தோட வளமான மண்ணெல்லாம் அடிச்சுக்கிட்டுக் கீழ்நிலத்துக்குத்தானே வருது, அதை நஷ்டத்துக்கு ஈடா வெச்சுக்கோ. வயலுக்கு இது நியாயமான பேச்சு. எங்க வீட்டுக்கு வந்த வண்டல், மாடியில காய்ஞ்ச பெயின்ட் உரிசலும் ஒரு செருப்பும்.

நான் இங்கதான் ரொம்ப நேரம் நின்னேன். ஏன்னா அதே அத்தியாயத்துல ஒரு சின்னக் குறிப்பு இருக்கு. இந்த வழக்கு வயலுக்குத்தான். கட்டடத்துக்கோ ஊருக்கோ கெடுதல் வந்தா இந்த விதி செல்லாது, அங்க கேள்வி வேற. "என் இடத்துல உன் கூரைத் தண்ணியை விட உனக்கு உரிமை இருக்கா?"ன்னு கேட்கணும். ரோம்ல கூரைத் தண்ணியை அடுத்தவன் இடத்துல சொட்ட விடறது தனி உரிமை. அதை ஒப்பந்தமா வாங்கியிருக்கணும். வாங்கலைன்னா இல்ல. பள்ளத்துல இருக்கறதனாலயே நீ வாங்கிக்கணும்னு ஊருக்குள்ள சொல்ல முடியாது.

ஆக, ரோமானியர்களுக்கே தெரிஞ்சிருக்கு, வயல் வேற, வீடு வேறன்னு.

இன்னொரு விஷயமும் அந்த அத்தியாயத்துல இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. உன் நிலத்துல இருந்த ஒரு கரை வெள்ளத்துல அடிச்சுட்டுப் போச்சு, அதனால என் நிலத்துக்குத் தண்ணி வருது. கரை இயற்கையா உருவானதுன்னா, அதை நீ திருப்பிக் கட்டணும்னு நான் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு வாருஸ்ங்கற அறிஞர் சொல்றாரு. பவுலுஸ்னு பின்னாடி வந்தவர் இதுக்கு ஒரு வழி சொல்றாரு: சரி, நீ கட்ட வேண்டாம். நான் உன் நிலத்துக்குள்ள வந்து கட்டிக்கறேன். எனக்கு அதனால நன்மை, உனக்கு அதனால கெடுதல் ஒண்ணும் இல்லைன்னா, நீ என்னைத் தடுக்கக் கூடாது. சட்டத்துல நேரா இடமில்லாட்டியும் நியாயம் இதைத்தான் சொல்லுதுன்னு எழுதியிருக்காரு. இந்தப் பவுலுஸை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவாரு.

பிரெஞ்சுக்காரங்க 1804ல நெப்போலியன் சட்டத் தொகுப்பு போட்டப்போ, 640வது விதியா ரோமோட அந்த வயல் விதியை எடுத்துக்கிட்டாங்க. மனுஷன் கை படாம இயல்பா ஓடி வர்ற தண்ணியைக் கீழ் நிலம் வாங்கிக்கணும். கீழே இருக்கறவன் அணை போட்டுத் தடுக்கக் கூடாது. மேல இருக்கறவன் கீழே உள்ளவன் சுமையைக் கூட்டற மாதிரி எதையும் செய்யக் கூடாது. மூணே வாக்கியம்.

இப்ப இங்கிலாந்து. இந்தக் கதை சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். லங்காஷயர்ல ரைலண்ட்ஸ்னு ஒரு ஜவுளி ஆலை முதலாளி, ஆலைக்குத் தண்ணி வேணும்னு ஒரு நீர்த்தேக்கம் கட்டச் சொன்னாரு. வேலை செஞ்ச எஞ்சினியரும் கான்ட்ராக்டரும் தோண்டும்போது அடியில பழைய சுரங்கக் குழிகள் இருந்ததைப் பார்த்தாங்க. ஒழுங்கா அடைக்கலை. 1860 டிசம்பர்ல தண்ணியை நிரப்பினதும் அது அந்தக் குழி வழியா இறங்கி, பக்கத்துல ஃபிளெட்சரோட நிலக்கரிச் சுரங்கத்துல புகுந்துடுச்சு. "நான் தப்பே பண்ணலையே, கான்ட்ராக்டர் வேலை"ங்கறது ரைலண்ட்ஸ் வாதம். ப்ரொடக்‌ஷன்ல ஒண்ணு உடைஞ்சா "அது வெண்டார் கோடு"ன்னு நாங்க சொல்றோமே, அதேதான். 1868ல பிரபுக்கள் சபை அதை ஏத்துக்கலை. உன் லாபத்துக்காக, இயல்புக்கு மாறா, தப்பிச்சா ஆபத்தாகற ஒண்ணை உன் இடத்துல கொண்டு வந்து சேர்த்தேன்னா, அது வெளியே போய்ச் செய்யற கெடுதலுக்கு நீதான் பொறுப்பு. கவனக்குறைவுன்னு நிரூபிக்கக்கூடத் தேவையில்ல.

இந்தத் தீர்ப்பு வந்து ஆறே வருஷத்துல, நம்ம பக்கத்து வழக்கு ஒண்ணு லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. அப்ப சென்னை மாகாணத்துல இருந்த கார்வேட்டிநகரம் ஜமீன், இப்ப ஆந்திராவுல சித்தூர் மாவட்டம். புத்தூர், நகரி பக்கம் போனவங்களுக்கு அந்த ஏரிகள் தெரிஞ்சிருக்கும். பெருமழையில ஜமீனோட ரெண்டு ஏரி உடைஞ்சு, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியோட பாலங்களை அடிச்சுட்டுப் போயிடுச்சு. ரயில்வேக்காரங்க ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க. தண்ணியைத் தேக்கினது நீ, தப்பிச்சது உன் தண்ணி, பணத்தை எடு.

1874ல ப்ரிவி கவுன்சில் என்ன சொல்லியிருக்கும்னு நினைக்கறீங்க? வெள்ளைக்காரன் கம்பெனி, வெள்ளைக்கார ஜட்ஜ். ஆனா ஜமீன்தார் ஜெயிச்சாரு.

காரணம்தான் முக்கியம். அந்த ஏரிகள் தலைமுறை தலைமுறையா இருக்கு. அது இல்லாம அந்தச் சீமையில சனங்க பிழைக்க முடியாது. ஜமீன்தார் அதைத் தன் இஷ்டத்துக்குக் கட்டலை, நினைச்சா மூடவும் முடியாது. அதைப் பராமரிக்கறது வழக்கத்தால அவர் மேல விழுந்த கடமை. ஆலை முதலாளி தன் லாபத்துக்காகத் தண்ணியைச் சேர்த்தான், இவர் ஊருக்காக வெச்சிருந்தார். அதனால கவனக்குறைவு இருந்தாத்தான் இவர் பொறுப்பு. இங்க கவனக்குறைவு இல்ல. ரயில்வேக்கு ஒண்ணும் கிடைக்கலை.

எனக்கு இதுல ஒரு சின்னப் பெருமை உண்டு, மறைக்க வேண்டாம். லங்காஷயர்ல எழுதின விதி நம்ம ஏரிக்கரையில வந்து நின்னு, யோசிச்சு, திரும்பிப் போச்சு.

இது முடிஞ்சு எட்டு வருஷத்துல, 1882ல ஈஸ்மென்ட் சட்டம். தமிழ்ல வசதியுரிமைச் சட்டம்னு சொல்றாங்க. எழுதினது விட்லி ஸ்டோக்ஸ், அப்ப வைஸ்ராய் சபையோட சட்ட உறுப்பினர். மனுஷன் பழைய ஐரிஷ் மொழியில பெரிய அறிஞர். இந்தியாவுல உட்கார்ந்துக்கிட்டு ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகளையும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. சைட் ப்ராஜெக்ட்னா இது. இந்தச் சட்டம் முதல்ல இந்தியா முழுக்க வரலை. சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு, இவ்வளவுதான். பம்பாய்க்கே 1891லதான் போச்சு.

இப்ப பெரியப்பா சொன்ன அந்த 7வது பிரிவை நிதானமா வாசிச்சுப் பார்த்தேன். மேல் நிலத்துல இயல்பா ஊறற, அல்லது விழற தண்ணி, குறிப்பிட்ட கால்வாய்ல ஓடாம, இயல்பாக் கீழ் நிலத்துக்கு ஓட, கீழ் நிலத்துக்காரர் விடணும். "இயல்பா" ரெண்டு இடத்துல வருது. கால்வாய்ல ஓடாமங்கறது ஒரு இடத்துல. அதே ரோம் வயல், வார்த்தை கூட அப்படியே.

மொட்டை மாடியில சேர்த்து, பைப்புக்குள்ள விட்டு, சுவர்ல ஓட்டை போட்டு அனுப்பற தண்ணி இதுல எங்க வருது? மனையை மண் கொட்டி உசத்தினது இயற்கையா? பெரியப்பாகிட்ட திரும்பக் கேட்டேன். "அதைத்தான் நீ கேட்பேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்"னாரு. ரிட்டயர்டு வக்கீல்கள் இப்படித்தான், பாதி பதிலைக் கொடுத்துட்டு மீதிக்கு நம்மள நடக்க விடுவாங்க.

ஆனா அவர் அடுத்துச் சொன்னதுதான் வயித்தைக் கலக்கிச்சு. அதே சட்டத்துல 15வது பிரிவு. ஒருத்தர் இப்படி ஒரு வசதியை உரிமையா, வெளிப்படையா, சண்டை சச்சரவு இல்லாம, தடையில்லாம 20 வருஷம் அனுபவிச்சுட்டா, அது அவருக்கு உரிமையாவே ஆகிடும். பைப் வெச்சது 2018. நாங்க பேசினது 2023. அஞ்சு வருஷம் ஏற்கனவே ஓடிடுச்சு. "பரவாயில்ல விடு, பக்கத்து வீடு"ன்னு அப்பா சொல்ற ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கணக்குல ஏறுது. நம்ம வீடுகள்ல பெரிய மனுஷத்தனமா நினைக்கற மௌனத்துக்குச் சட்டத்துல இன்னொரு பேர் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுக்காகச் சண்டை போட வேண்டியதில்லையாம். "இப்போதைக்கு நாங்க விட்டுக்கொடுக்கறோம், இது உரிமை இல்ல"ன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தாலே அந்த 20 வருஷக் கணக்கு ஓடாது. சட்டத்துலயே அந்த விளக்கமும் இருக்கு. (உங்க வீட்டுப் பிரச்சினைக்கு உங்க ஊர் வக்கீலைப் பாருங்க. நான் வாழ்நாள்ல எழுதின ஒரே சட்டம் கோட் ரிவ்யூ விதிமுறைகள்.)

அமெரிக்காவை ஒரு வழக்கோட முடிச்சுக்கறேன். அங்க பல மாநிலங்கள்ல மழைத் தண்ணியைப் பொது எதிரின்னே ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க: அவனவன் தன்னைக் காப்பாத்திக்க என்ன வேணா பண்ணலாம், பக்கத்து வீட்டுக்காரன் பாடு அவன் பாடு. 1956ல நியூ ஜெர்சியில ஒரு வழக்கு. ஒரு கம்பெனி 42 ஏக்கர் நிலத்தை வழிச்சுட்டு 186 வீடு கட்டி, மழைத் தண்ணி மொத்தத்தையும் ஒரு சின்ன ஓடையில விட்டுச்சு. கீழ இருந்தவங்க கரை அரிச்சுக்கிட்டே போச்சு. நீதிபதி ப்ரென்னன், அதே வருஷம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், பொது எதிரி வாதத்தைத் தூக்கிப் போட்டாரு. வீடு கட்டி லாபம் பார்க்கறவங்க இருக்க, தண்ணியோட செலவை மட்டும் பக்கத்துல இருக்கறவங்க ஏன் சுமக்கணும்ங்கறதுதான் அவர் தீர்ப்போட சாரம். ஓடையோட மிச்ச தூரத்துக்கும் குழாய் போட்டுக் கொடுக்கணும்னு அந்தக் கம்பெனிக்கு உத்தரவு.

இதையெல்லாம் சேர்த்து வெச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட பிரசன்டேஷன் மாதிரியே கொடுத்தேன். ஹம்முராபி, பவுலுஸ், கார்வேட்டிநகரம். நம்ம பக்கம் நியாயம் இருக்குப்பா, அவர் கை பட்ட தண்ணி அதுன்னேன். அம்மா காய் நறுக்கிக்கிட்டே கேட்டுட்டு, "உங்க தாத்தா கொட்டின மண்ணைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா அதுல?"ன்னாங்க.

எனக்குப் புரியலை. அப்புறம் சொன்னாங்க. எங்க வீடு 1986ல கட்டினது. அந்த ஏரியா மொத்தமும் அதுக்கு முன்னாடி ஏரிப் பாசன வயல். தாத்தா லாரி லாரியா மண் அடிச்சு, ரோட்டை விட மூணு படி உசரமாக் கட்டினாரு. தெருவுல அப்ப அதுதான் மேட்டு வீடு. பின் சந்துல ஓலை வீட்டுல இட்லிக்கடை வெச்சிருந்த ஒரு அம்மா, அந்த வருஷ மழையில வந்து, "ஐயா, உங்க தண்ணி எங்க அடுப்புல நிக்குதுங்க"ன்னு சொன்னாங்களாம். தாத்தா என்ன சொன்னாருன்னு கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாங்க. அப்பா சொன்னாரு, "தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்னாரு."

நாங்க ஆபீஸ்ல ஒரு பிழை வந்தா, கிட் ப்ளேம்னு ஒரு கமாண்ட் போடுவோம். இந்த வரியைக் கடைசியா மாத்தினது யாருன்னு காட்டும். பல தடவை நம்ம பேர்தான் வரும்.

இதுல ரோட்டையும் மறந்துடக் கூடாது. பழைய தார் மேல புதுத் தார், அது மேல இன்னொரு தார். தாத்தாவோட மூணு படி இப்ப ரோட்டுலேருந்து ஒரு படி கீழ இறங்கற வீடா ஆகிடுச்சு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு அறிவுறுத்தினாரு. அதுக்கு முன்னாடி ஏறின உசரம் ஏறினதுதான். பக்கத்து வீட்டுக்காரர் மூணரை அடி உசத்தினதும் அந்த ரோட்டுக்குப் பயந்துதான், அவரும் பழைய வீட்டுல 2015 வெள்ளத்தைப் பார்த்தவர். சட்டம் கேட்கற "இயல்பான" மட்டம் எங்க தெருவுல எந்த வருஷத்து மட்டம்? 1986க்கு முன்னாடி இருந்த வயலா? எனக்குத் தெரிஞ்சு அந்த மட்டத்துல இப்ப மிச்சம் இருக்கறது பின் சந்துதான். ஓலை போய் ஷீட் வந்திருக்கு, தரை அதே தரை.

அப்பா திரும்ப பக்கத்து வீட்டுக்குப் போனாரு. இந்தத் தடவை நானும் போனேன், ஆனா வாயைத் திறக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட. அப்பா ஹம்முராபியையும் எடுக்கலை, 7வது பிரிவையும் எடுக்கலை. "சார், உங்க பக்கம் மழைநீர்த் தொட்டி இருக்குல்ல, அதுல இந்த பைப்பைச் சேர்க்க ஒரு பெண்டும் பத்தடி குழாயும் போதும். நான் ஆளைக் கூட்டிட்டு வரேன், செலவு என்னது. உங்க இடத்துல வேலை செய்ய விட்டாப் போதும்"னாரு. பவுலுஸைப் பத்தி நான் சொன்னப்போ அப்பா தூங்கிட்டு இருந்தாருன்னு நினைச்சிருந்தேன்.

அவருக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. "செலவை நான் பார்த்துக்கறேன் சார். அந்த ஓட்டையைப் போட்டது மேஸ்திரி. நான் அப்பவே கேட்டேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு." எனக்கு ரைலண்ட்ஸ் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துடுச்சு. நிபந்தனைப்படி அடக்கிக்கிட்டேன். தொட்டி 2003ல எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு வந்தப்போ கட்டின பழசு, மேல புதுசா டைல்ஸ் ஒட்டி மூடியிருந்தாங்க. திறந்து பார்த்தா முக்கால்வாசி மண். அதைத் தூர் வார ஒரு நாள், குழாய் மாத்த அரை நாள். காம்பவுண்ட் ஓட்டையை அடைச்சாச்சு. கனமழைக்குத் தொட்டி நிறைஞ்சா ரோட்டுப் பக்கம் வழியணும்னு இன்னொரு குழாய். ரெண்டு வரியில ஒரு தாளும் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அதை எழுதச் சொன்னது பெரியப்பா, அப்பாவுக்கு அதுல இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

பிளம்பர் சாமானை எடுத்து வெச்சுக் கிளம்பும்போது அப்பா அவரை நிறுத்தினாரு. "தம்பி, நம்ம வீட்டுக்குப் பின்னாடியும் ஒரு குழாய் சந்துப் பக்கம் இறங்குது. 86ல போட்டது. அதையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுப்பா."